கம்பி இறங்காத தூரம்

ஜனவரி 3, செவ்வாய்

இதை எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் என்று தெரியவில்லை. இந்த நோட்டு பொது அறிவுக் குறிப்பு எழுத வாங்கியது. பரீட்சை முடிந்து, குரூப் ஃபோரில் தேறி, பிப்ரவரியில் கலந்தாய்வுக்கு அழைப்பார்கள் என்று காத்திருக்கிறேன். பாதிப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. ஆறுகளின் நீளம் எழுதிய நோட்டில் கோபத்தை எழுதுவது சரியில்லைதான். ஆனால் வாயால் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இன்று கவுன்சிலர் வேடியப்பன் வீட்டுக்கு வந்தார். அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர். அப்பா அவரை "சார்" என்கிறார். அவர் அப்பாவை "மாதப்பா" என்கிறார். அம்மா வாசலில் காயப் போட்டிருந்த ராகியின் மேலேயே வண்டியை ஏற்றி நிறுத்தினார் டிரைவர் சிவன்னா. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"என்னா மாதப்பா, தோளு எப்படி இருக்குது?"

"இருக்குதுங்க சார். தூக்குனா இழுக்குது."

கார்த்திகையில் கொள்ளுக்காட்டில் பன்றி விரட்டச் சுட்டபோது, துப்பாக்கி உதைத்து அப்பாவின் வலது தோளில் கையகலத்துக்கு நீலம் கட்டியது. நிறம் போய்விட்டது, வலி போகவில்லை. அது நாட்டுத் துப்பாக்கி. குழாயின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய் நார் அடைத்து, குண்டைப் போட்டு, நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். தாத்தா பெயரில் இருந்த லைசென்ஸ் அவரோடு போய்விட்டது. துப்பாக்கி மட்டும் வைக்கோற்போருக்குள் இருக்கிறது. காட்டை ஒட்டிய எங்கள் ஊரில் இது பெரிய ரகசியமும் இல்லை.

இருபதாம் தேதி கவுன்சிலரின் புதுக் கல்யாண மண்டபம் திறப்பு. ஓசூரிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு மான்கறி வேண்டுமாம்.

"போன வருசம் மாதிரி ஆக்கிடாத. சின்னக் குண்டு பத்து போட்டு அடிச்ச, அது ஓடிப்போயி ரெண்டு நாள் கழிச்சு ஓடையில செத்துக் கெடந்துது. ஃபாரஸ்டுகாரன் என் வீட்டு வாசல்ல வந்து நின்னான். இந்த வாட்டி ஒரே அடி. நின்ன இடத்துலயே உழணும்."

சட்டைப் பையிலிருந்து ஒரு குண்டை எடுத்துக் கட்டிலில் வைத்தார். உருண்டை இல்லை. சுண்டுவிரலின் மேல்கணு அளவு நீளம், முனை கூர்மை, மேலே ஏதோ கொழுப்புத் தடவியிருந்தது.

"வெளிநாட்டு மாடலு. ஆள் வச்சு வார்த்தேன். மொத்தம் ஆறு. இத மாதிரிக்கு வச்சுக்கோ, மீதி என்கிட்ட இருக்கும்."

அப்பா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "கனமா இருக்குதுங்க சார். இது உதைக்கும். தோளு தாங்காதுங்க."

"அதுக்குத்தான் படிச்ச பொண்ணு இருக்குதே வீட்டுல. வீடியோ அனுப்புறேன், இங்கிலீசுல எல்லாம் சொல்றான். ஏம்மா, கேட்டு அப்பாவுக்குச் சொல்ல மாட்டியா?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பேசாட்டிப் போ. முதல் பட்டதாரி சர்டிபிகேட்டுக்கு வி.ஏ.ஓ. கிட்ட ஒரு மாசம் நடையா நடந்தியே, யாரு ஒரே போன்ல வாங்கிக் குடுத்தது?"

ஆறு வருடமாக இதைக் கேட்கிறேன். என் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பட்டம் வாங்கவில்லை என்பது உண்மை. அந்த உண்மையை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட இவருடைய போன் தேவைப்பட்டது. அதற்குக் கைம்மாறாக அப்பா இதுவரை எத்தனை முயல், எத்தனை காடை கொண்டுபோய்க் கொடுத்தார் என்று எனக்குத் தெரியும்.

அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். கொத்தமல்லி எல்லாம் கிள்ளிப் போட்டு. அந்த மோரை நினைத்தால்தான் இப்போது அதிகக் கோபம் வருகிறது.

ஜனவரி 4, புதன்

நான் வேலைக்குப் போகும் விதைக்கடையில் இன்று முழுக்கக் கீரை விதை. எடை போடு, கவரில் கொட்டு, பெயர் எழுது, ஒட்டு. படித்தது பி.எஸ்சி. இயற்பியல். ராகியில் டயர் தடம் இன்னும் இருக்கிறது.

ஜனவரி 6, வெள்ளி

வீடியோ வந்தது. ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒரு வெளிநாட்டுக்காரர், மேசையில் மூன்று வகைக் குண்டு, பக்கத்தில் ஒரு தாளில் கோடு போட்ட அட்டவணை. ரொம்பப் பொறுமையாகப் பேசுகிறார். அவர் நாட்டில் மான் சுட அனுமதிச் சீட்டும் அதற்கென்று ஒரு காலமும் இருக்கிறதாம்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். உருண்டைக் குண்டு லேசானது, உதை குறைவு, ஆனால் கிட்டப் போய்ச் சுட வேண்டும். நீளக் குண்டு கனமானது, எலும்பைத் தாண்டியும் உள்ளே போகும், உதை அதிகம். குண்டு கனத்தால் உதை கூடும். மருந்து கூடினால் உதை கூடும். துப்பாக்கி கனத்தால் உதை குறையும். அவருடைய துப்பாக்கி நாலு கிலோவுக்குக் கிட்ட, அடிக்கட்டையில் தடித்த ரப்பர். அப்பாவுடையது அதில் பாதிக் கனம்கூட இல்லை, ரப்பரும் இல்லை.

"ஏன் பாப்பா, குண்டு முன்னால போனா துப்பாக்கி பின்னால வரணும்னு என்னா கட்டாயம்?" என்று அப்பா கேட்டார்.

உந்த அழிவின்மை விதி. இரண்டாம் ஆண்டில் படித்தது. படகிலிருந்து கரைக்குக் குதித்தால் படகு பின்னால் போகுமே, அது மாதிரி என்றேன். பரிசலில் போய்ப் பழகியவர், உடனே புரிந்துகொண்டார். "அட, அதான் சங்கதியா" என்று சிரித்தார். நான் படித்த ஒன்றைப் பற்றி அப்பா என்னிடம் கேள்வி கேட்டது இதுதான் முதல் முறை.

மொழிபெயர்த்துச் சொன்னேன். அவ்வளவுதான்.

ஜனவரி 8, ஞாயிறு

கடையிலிருந்து சின்னத் தராசை எடுத்து வந்தேன். மிச்சமிருந்த கீரை விதையை வீட்டில் எடை போட வேண்டியிருந்தது. தராசு கையில் இருந்ததால் அப்படியே குண்டையும் வைத்துப் பார்த்தேன். நீளக் குண்டு, அப்பா வார்த்து வைத்திருக்கும் ஈய உருண்டையைப் போல இரண்டரை மடங்கு கனம்.

உருண்டையே போதும், துணி சுற்றிப் போட்டு நாற்பது அடியில் சுட்டால் விழும் என்றேன். அப்பாவுக்கும் அதுதான் மனசு. கவுன்சிலரிடம் போனில் சொன்னார். வெளியே நின்ற எனக்கே அவர் சிரிப்பது கேட்டது.

"பட்டாணி போட்டா மான் சிரிக்கும் மாதப்பா. நான் குடுத்ததப் போடு."

போனை வைத்துவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன். குண்டை மாற்ற முடியாது, துப்பாக்கியையும் மாற்ற முடியாது. மிச்சம் ஒன்றுதான் இருக்கிறது. மருந்தைக் குறைக்கலாம்.

ஜனவரி 11, புதன்

அடிக்கட்டைக்கு சைக்கிள் டியூபையும் சாக்கையும் மடித்து வைத்து, மேலே அம்மா தன் பழைய ஜாக்கெட் துணியில் உறை தைத்தாள். "எனக்குத் தச்சதுகூட இவ்வளவு பொருத்தமா உட்காரல. ஒரு எரும மாட்டுக்கு மால போட்ட கணக்கா என்னா அழகு பாரு" என்றாள். அப்பாவும் சிரித்தார்.

மத்தியானம் பள்ளத்தில் ஒரு முறை சுட்டுப் பார்த்தார். குறைத்த மருந்து, அவருடைய உருண்டைக் குண்டு. நான் மேட்டில் நின்று ஆள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். தோளைத் தடவிக்கொண்டே மேலே வந்தார். "பாதிக்குப் பாதி கொறஞ்சிடுச்சு பாப்பா. சும்மா தள்ளுன மாதிரி இருக்குது."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன். யாருக்காக, எதற்காக என்பதெல்லாம் இன்று பின்னால் போய்விட்டது. என் கணக்கு சரியாக வந்தது.

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கல். விளையாட்டுப் போட்டி முடிந்ததும் கவுன்சிலர் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார். "மாதேவி. நம்ம ஊரோட முதல் பட்டதாரி. நான் படிக்க வச்ச பொண்ணு." கைதட்டினார்கள். ஒரு சில்வர் தட்டு கொடுத்தார். என் தோளில் கை வைத்துப் போட்டோவுக்கு நின்றார்.

படிக்க வைத்தது, மலைக்குப் போய்த் துடைப்பம் கட்டும் சீமாறுப்புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்த என் அம்மா. ஆடு மேய்த்த என் அப்பா. மைக் என் வாய்க்கு ஒரு அடி தூரத்தில் இருந்தது. "தேங்க்ஸ் சார்" என்றேன்.

ஜனவரி 17, செவ்வாய்

அப்பாவும் கவுன்சிலரும் நாளை காலை காட்டுக்குப் போகிறார்கள். அப்பா பொட்டலங்களைக் கேட்டார். கொடுத்தேன்.

ஜனவரி 18, புதன்

காலை ஆறேகாலுக்கு மேற்கே ஒரு சத்தம். அம்மா சாணி கரைத்துக்கொண்டிருந்தாள். "உழுந்துடுச்சு போல" என்றாள். பள்ளத்தில் கேட்ட சத்தம் எனக்குத் தெரியும். இது அது இல்லை.

மாலை, ஆஸ்பத்திரி.

குழாய் வெடித்துவிட்டது. இடது கையால் குழாயைத் தாங்கியிருந்தார். கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் போய்விட்டன. முகம் முழுக்கக் கருப்புப் புள்ளி. இடது கண்ணில் கட்டு. கண்ணைப் பற்றி அடுத்த வாரம்தான் சொல்ல முடியுமாம்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். கவுன்சிலரின் வண்டி வாசலுக்கு வந்தது. சீட்டில் ரத்தம் படாமல் இருக்கச் சாக்கு விரித்து அதன்மேல் அப்பாவைப் படுக்க வைத்திருந்தார்கள். கவுன்சிலர் வண்டியில் இல்லை. சிவன்னா அப்பாவை இறக்கிக் கட்டிலில் கிடத்திவிட்டு, சாக்கையும் எடுத்து எங்கள் வாசலிலேயே போட்டார்.

"நூத்தியெட்டுக்குப் போன் பண்ணும்மா. மோட்டார் ரூம்ல ஸ்டார்டர் வெடிச்சுடுச்சுன்னு சொல்லுங்க. நாங்க வந்தது போனது எதுவும் வேணாம்."

"உங்க வண்டியிலயே கூட்டிப் போங்கண்ணா" என்றேன். என் வாழ்க்கையில் நான் சத்தமாகப் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

"வண்டி மண்டபத்துக்குப் போவணும்மா. பந்தல் சாமான் கெடக்குது."

ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது.

ஜனவரி 19, வியாழன்

சின்ன வயதுப் பெண் டாக்டர். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டார்.

"மோட்டார் ஸ்டார்டர் வெடிச்சுடுச்சுங்க மேடம்" என்றாள் அம்மா.

"எந்த ஊர்லம்மா ஸ்டார்டர் கருமருந்து போட்டு ஓடுது? தோல் பூரா மருந்து பதிஞ்சிருக்கு. நான் எழுதித்தான் ஆகணும்."

எழுதினார். சாயங்காலத்துக்குள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. காட்டுக்குள் வேட்டை. இரண்டு வழக்கு. அப்பா ஒற்றைக் கண்ணால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். மயக்க ஊசியில் தூங்குகிறார், விழிக்கிறார், மறுபடி தூங்குகிறார்.

அந்த டாக்டரின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 20, வெள்ளி

மண்டபம் திறந்தாகிவிட்டது. திறப்பு விழாச் சட்டையோடேயே வந்தார். நெற்றியில் சந்தனம். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஒரு டப்பா லட்டு. போலீஸ்காரர் எழுந்து நின்று நாற்காலியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

"விதி மாதப்பா. மருந்த அள்ளிப் போட்டுட்ட. அவசரம்."

அள்ளிப் போடவில்லை. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் அவ்வளவு துல்லியமாகத் தெரியும்.

"முயலுக்குப் போனேன், தனியாத்தான் போனேன்னு எழுதிக் குடுத்துடு. வக்கீலு நான் வைக்கிறேன். கொஞ்ச நாள்ல வெளிய வந்துடலாம்."

கவுன்சிலர் என் பக்கம் திரும்பினார். போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். ஒரு மேசை மேல் இரண்டு விதைக் கவர். எங்கள் கடை முத்திரை. மேலே நீல மையில் எடை, அடியில் இரண்டு, மூன்று என்று எண். என் கையெழுத்து. அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று கல்லூரியில் சொல்வார்களே, அதே கையெழுத்து.

"நல்லா எழுதியிருக்கம்மா. காட்டுல கெடந்துது, சிவன்னா பத்திரமா எடுத்து வச்சிருக்கான். உனக்குக் கவர்மென்ட் வேல வருதாமே. போலீஸ்ல விசாரிச்சுத்தான் ஆர்டர் போடுவாங்க, தெரியுமில்ல? பொண்ணு பேரு எதுக்கு இதுல? நான் பாத்துக்குறேன்."

அப்பாவுக்கும் அந்தப் போட்டோவைக் காட்டினார். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்.

அப்பா தலையை ஆட்டினார்.

ஆமாம், பொட்டலம் நான் போட்டேன். எட்டாம் தேதி எழுதியது பொய். கீரை விதை எதுவும் மிச்சமில்லை. தராசைக் கொண்டுவந்ததே மருந்தை எடை போடத்தான். அப்பா கைப்பிடிக் கணக்கில் கொட்டுவார், அது தினம் ஒரு அளவு வரும் என்று, நானே அளந்து, நான்கு கவரில் போட்டு, வெளியே எழுதி ஒட்டினேன். ஒன்று பள்ளத்தில் சோதனைக்கு. மூன்று காட்டுக்கு.

லட்டை அம்மா பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்தாள்.

ஜனவரி 21, சனி

ரேஞ்சர் வந்தார். மெலிந்த மனிதர். அப்பாவின் கட்டில் கம்பியில் தொப்பியை மாட்டிவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"தனியாவா போன?"

"ஆமாங்க ஐயா. முயலுக்குங்க."

"முயலுக்கு இந்தக் குண்டாய்யா?" ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார். அதற்குள் நசுங்கிய ஈயம். "தனியாப் போனவன் மூணு ஜோடிச் செருப்பு போட்டுக்கிட்டுப் போனியா? அதுல ஒண்ணு ஷூ."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு யாருன்னு தெரியும். உனக்கும் தெரியும். ஆனா நீ சொல்லாம நான் எழுத முடியாது. அங்க நின்னவங்கள்ல நீ ஒருத்தன்தான் வாயத் திறக்கக்கூடியவன். புதன்கிழமை பதினோரு மணிக்கு வரேன். அன்னிக்கு நீ சொல்றத எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு நேரா கோர்ட்டுக்கு அனுப்பிடுவேன். அதுக்கப்புறம் மாத்த முடியாது. யோசி."

போகும்போது என்னைப் பார்த்து, "படிச்ச பொண்ணா நீ?" என்றார். தலையை ஆட்டினேன்.

"வீட்டுல யாராவது படிச்சிருந்தா இப்படி நடக்காதுன்னு நெனச்சேன்" என்றார்.

ஜனவரி 22, ஞாயிறு

இன்று ஒரு கணக்குப் போட்டேன்.

கெட்டிக்கும் கம்பியில் அப்பா ஒரு வெட்டுப் போட்டு வைத்திருப்பார். எங்கள் பக்கம் எல்லோரும் போடுவார்கள். மருந்து, நார், குண்டு எல்லாம் அடியில் சரியாக உட்கார்ந்தால், வெட்டு குழாயின் வாய்க்கு நேராக நிற்கும். அதைப் பார்த்துத்தான் கெட்டித்தது போதும் என்று கம்பியை உருவுவார்கள். அந்த வெட்டு பழைய அளவு மருந்துக்குப் போட்டது.

நான் மருந்தைக் குறைத்தேன். குறைத்தால் குண்டு இன்னும் கீழே இறங்க வேண்டும். வெட்டு குழாய்க்குள் போக வேண்டும். உருண்டைக் குண்டு தளர்வானது, பள்ளத்தில் அது தானாக அடிவரை இறங்கிவிட்டது. நீளக் குண்டு இறுக்கமானது. அது நடுவில் சிக்கினாலும் வெட்டு வாய்க்கு நேராக வந்திருக்கும். பார்க்கிறவனுக்குச் சரியாக உட்கார்ந்த மாதிரியே தெரியும். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவில் வெற்றிடம். மருந்து எரிந்ததும் குண்டு ஓடவில்லை, குழாயை அடைத்துக்கொண்டு நின்றது. குழாய் கிழிந்தது.

குறைந்த மருந்தின் உயரம், கூடுதல் குண்டின் நீளம், நாரின் தடிமன். கூட்டிக் கழித்துப் பார்த்தேன். வெற்றிடம் ஒன்றேகால் அங்குலம்.

அந்த வீடியோவில் அந்த ஆள் சொன்னார். மருந்து அளவை மாற்றினால் கம்பியில் புதுக் குறி போடுங்கள் என்று இரண்டு முறை சொன்னார். நான் கேட்டேன். அது முக்கியமில்லை, அப்பாவுக்குத் தெரிந்திருக்கும் என்று மொழிபெயர்க்காமல் தாண்டிப் போனேன். அடுத்து உந்தம் பற்றிப் பேச எனக்கு அவசரம்.

கவுன்சிலரின் மேல், சிவன்னாவின் மேல், மோரின் மேல், மைக்கின் மேல் இத்தனை பக்கம் கோபப்பட்டேன். எல்லாம் நியாயம்தான். ஆனால் இது என்னுடையது.

ஜனவரி 23, திங்கள்

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். போலீஸ்காரர் சாப்பிடப் போன நேரத்தில், கட்டில் கம்பியைப் பார்த்தபடி, ஒரே மூச்சில். வெட்டு, மருந்து, குறி, எல்லாம். அழுகை வரவில்லை.

அப்பா கட்டுப் போட்ட கையை வயிற்றின் மேல் எடுத்து வைத்தார். பிறகு, "கம்பி முழுசா எறங்கலன்னு எனக்குத் தெரியும் பாப்பா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"முப்பது வருசமா கெட்டிக்கிறேன். மருந்து கொறைஞ்சா வெட்டு உள்ள போவணும்னு தெரியாதா எனக்கு? போவல. இறுகி நின்னுடுச்சு. 'சார், இத எடுத்துட்டு வேற போடணும், செத்த பொறுங்க'ன்னேன். மான் எதிர்ல நிக்குது. ஆண் மானு, நல்ல கொம்பு. அந்தாளு என் காதுகிட்ட வந்து, 'வெட்டு வந்துடுச்சில்ல, அப்புறம் என்னாடா, சுடுடா'ன்னான்."

அப்பா அவரை இப்படி மரியாதை இல்லாமல் பேசி நான் கேட்டதில்லை.

"வெடிக்கும்னு தெரிஞ்சும் ஏன் சுட்ட?" என் குரல் அடுத்த கட்டில் வரை கேட்டிருக்கும். "தெரிஞ்சும் ஏம்ப்பா சுட்ட?"

"வெடிக்கும்னு நெனைக்கல. உதைக்கும்னு நெனச்சேன். ஒரு உதைதானேன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "மருந்து வேணும்னு கேட்டதும் நீ அளந்து குடுத்தியே. நீ ஏன் குடுத்த?"

கேட்டார்கள், கொடுத்தேன். சொன்னார்கள், சுட்டார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

"இத ஏன் ரேஞ்சர்கிட்ட சொல்லல?"

"சொன்னா அந்தாளு உன் கவர எடுத்துப் போடுவான். கை போயிடுச்சு, போவட்டும். உன் வேல போவக் கூடாது. எனக்கு ஜெயில்ல சோறு போடுவாங்க. ஆட்ட உங்கம்மா பாத்துக்குவா."

இதைச் சொல்லிவிட்டு ஏதோ நல்ல செய்தி சொன்னவர் மாதிரி என்னைப் பார்த்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை எழுத இந்த நோட்டு போதாது. என்னைக் கேட்காமல் என் பங்கையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போக இவருக்கு யார் சொன்னது? சர்டிபிகேட்டைக் காட்டி ஆறு வருடம் ஒருவன் இவரை வேலை வாங்கினான். இனி கவரைக் காட்டி வாங்குவான். நான் வேலைக்குப் போய் உட்கார்ந்த பிறகும் வாங்குவான். என்னிடமும் வாங்குவான்.

ஜனவரி 24, செவ்வாய்

சிவன்னா காலையிலிருந்து வார்டு வாசலில் பிளாஸ்கோடு உட்கார்ந்திருக்கிறார். "கவுன்சிலர் காப்பி குடுத்தனுப்புனாரு" என்கிறார். நாளை பதினோரு மணி வரை போகமாட்டார் போலிருக்கிறது.

கண்ணைப் பார்த்தார்கள். வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம்.

ஜனவரி 25, புதன். காலை எட்டு மணி

விதைக்கடைக்காரரிடம் நேற்றுச் சாயங்காலம் போய்த் தராசைக் கொடுத்து, எதற்கு எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். இனி வர வேண்டாம் என்றார். கத்தவில்லை. அப்படியானால் ஒரு ஆளிடம் சொல்ல என்னால் முடிகிறது.

ஆனால் நான் போய் ரேஞ்சரிடம் என் பங்கைச் சொன்னால் அது என் பங்கு மட்டும்தான். காட்டில் ஷூ போட்டு நின்றவன் யார், காதில் வந்து என்ன சொன்னான் என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான்.

அப்பா, நேருக்கு நேர் பேசினால் பாதியில் எனக்கு வாய் அடைத்துவிடும். அதனால் இதை எழுதி வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து உனக்குப் படித்துக் காட்டப் போகிறேன். பதினோரு மணிக்குள் முடிந்துவிடும். மோரைப் பற்றி எழுதியதை அம்மாவும் கேட்கட்டும். அந்த வீடியோவில் நான் தாண்டிப் போன வரியை நீ கேட்டாக வேண்டும். நான் சந்தோஷப்பட்ட நாளையும் கேட்டாக வேண்டும்.

வேலை போகலாம். போகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, ரேஞ்சருக்கும் தெரிந்திருக்காது. அந்தக் கவர்களைக் கவுன்சிலர் எடுத்துக் காட்டுவதற்கு முன்னால் நாம் சொல்லிவிட்டால், அவன் கையில் இருப்பது வெறும் காகிதம். நாம் சொல்லாத வரைக்கும்தான் அது உன் கழுத்துக் கயிறு. நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என் கழுத்துக் கயிறு.

உனக்காக நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. எனக்காகவும் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. புத்தகம், பஸ் பாஸ், செருப்பு, எல்லாம் நீயாகப் பார்த்து வாங்கிக் கொடுத்ததுதான். இப்போது ஒன்று கேட்கிறேன். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பேன், எங்கும் போகமாட்டேன்.

அவன் பேரைச் சொல்லுப்பா. சொல்லும்போது என் பேரை விட்டுவிடாதே.